நிறுவனத்தின் அரசியல் நன்கொடையும் சமூகக் குரலும்: அமெரிக்காவில் பணிபுரிவோருக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்கப் பெருநிறுவனங்களில் மேலாளர் நிலைக்கோ அதற்கு இணையான தொழில்நுட்ப நிலைக்கோ உயரும் ஊழியர்களுக்கு, அரசுத் தொடர்புப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வருவது வழக்கம். நம் தொழிலின் தேவைகளைப் புரிந்துகொண்ட வேட்பாளர்களுக்கு இரு கட்சிகளிலும் துணை நிற்போம், அதற்காகச் சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொள்ள அனுமதி கொடுங்கள் என்பது அதன் சாரம். அமெரிக்கர்கள் பேக் என்று சுருக்கமாக அழைக்கும் அரசியல் நடவடிக்கைக் குழுவில் சேருவதற்கான அழைப்பு அது. அதே மாதத்தில் அதே நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி வாக்குரிமையைப் பற்றியோ, இனப் பாகுபாட்டைப் பற்றியோ, பருவநிலை மாற்றத்தைப் பற்றியோ பொதுவெளியில் பேசியிருக்கக்கூடும். முதலாவதை எழுதுவது வாஷிங்டன் அலுவலகம். இரண்டாவதை எழுதுவது மக்கள் தொடர்புப் பிரிவு. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பொறுப்பு பல நிறுவனங்களில் யாரிடமும் இருந்ததில்லை. கடந்த பதினைந்து ஆண்டுகளில் அவை சிக்கிக்கொண்ட சங்கடங்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறந்தன.

அப்படிப் படித்துப் பார்க்க விரும்பும் ஊழியருக்கும், நிறுவனத்திற்குள் இது பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவருக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அமெரிக்காவில் பணிபுரியும் தமிழர்களில் பலர் எச்1பி விசாவிலோ கிரீன் கார்டுக்கான வரிசையிலோ இருப்பதால், சட்டம் அவர்களை எப்படி நடத்துகிறது என்பதையும் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

முதல் படி: பேக் யாருடைய பணம் என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்

1907-ஆம் ஆண்டின் டில்மன் சட்டம், நிறுவனங்கள் தங்கள் பணத்தைக் கூட்டாட்சித் தேர்தல் வேட்பாளர்களுக்குக் கொடுப்பதைத் தடை செய்தது. அந்தத் தடை இன்றும் நீடிக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொழிற்சங்கங்களுக்கும் அதே தடை வந்தபோது, சிஐஓ என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1943-இல் தனியாகப் பணம் திரட்டும் ஒரு குழுவை அமைத்தது; பேக் என்ற ஏற்பாடு அங்கிருந்துதான் தொடங்குகிறது. நிறுவனங்களுக்கு இந்த வழியைச் சட்டப்படி உறுதி செய்தது 1971-ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தேர்தல் பிரசாரச் சட்டம். சன் ஆயில் நிறுவனம் கேட்ட கேள்விக்குத் தேர்தல் ஆணையம் 1975-இல் அளித்த விளக்கத்திற்குப் பிறகு நிறுவனங்களின் பேக்குகள் வேகமாகப் பெருகின.

இன்றைய நிலையில், நிறுவனம் தன் பேக்கை நடத்தும் செலவை, அதாவது அலுவலகம், வழக்கறிஞர், நன்கொடை திரட்டும் செலவு ஆகியவற்றைத் தன் பணத்திலிருந்து ஏற்கலாம். வேட்பாளருக்குப் போகும் ஒவ்வொரு டாலரும் தனிமனிதர்கள் விரும்பிக் கொடுத்ததாக இருக்க வேண்டும். ஒருவர் ஒரு பேக்கிற்கு ஆண்டுக்கு 5,000 டாலர் வரை கொடுக்கலாம். பதிவாகி ஆறு மாதம் கடந்து, ஐம்பதுக்கு மேற்பட்டவர்களிடம் நன்கொடை பெற்று, குறைந்தது ஐந்து கூட்டாட்சி வேட்பாளர்களுக்குக் கொடுத்திருக்கும் பேக், ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் வரை தரலாம். கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலும் பொதுத் தேர்தலும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதால் இது ஒரு சுற்றுக்கு 10,000 டாலராகிறது. கட்சியின் தேசியக் குழுவுக்கு ஆண்டுக்கு 15,000 டாலர்.

பெருநிறுவனங்கள் லாபியிங்கிற்கு, அதாவது சட்டமியற்றுவோரிடம் தங்களுக்காக வாதாடுவதற்குச் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் இவை சிறு தொகைகள்தாம். ஆயினும் நிறுவனத்தின் முழுப் பெயரையும் பேக்கின் அதிகாரப்பூர்வப் பெயரில் சேர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நிறுவனத்தின் பெயரோடு, தேதியோடு, பெறுநரின் பெயரோடு எவரும் பார்க்கக்கூடிய பதிவாக இந்தப் பணம் நிற்கிறது. ஒரு நிறுவனத்தின் சொல்லையும் செயலையும் ஒப்பிட இதைவிடத் தெளிவான ஆவணம் வேறில்லை என்பது என் கருத்து.

இரண்டாம் படி: நீங்கள் கொடுக்கலாமா என்று பாருங்கள்

அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்ற கிரீன் கார்டுதாரர்களும் மட்டுமே கொடுக்கலாம். எச்1பி, எல்1, எச்4 விசாக்களில் இருப்பவர்கள் கொடுக்கக் கூடாது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்து, அதன் அடிப்படையில் பணி அனுமதி அட்டை கையில் இருந்தாலும் கார்டு வரும் வரை கொடுக்க முடியாது. வரி கட்டுகிறோம் என்பதோ, இருபது ஆண்டுகளாக அந்த நாட்டில் வாழ்கிறோம் என்பதோ இங்கே கணக்கில் வராது. நிறுவனத்தின் மின்னஞ்சல் பட்டியல் பதவியை மட்டும் பார்த்துத் தயாரிக்கப்பட்டிருந்தால் அழைப்பு தவறுதலாக உங்களுக்கும் வரக்கூடும். வந்தது என்பதாலேயே தகுதி வந்துவிடாது. சென்னை அலுவலகத்தில் பணிபுரியும் இந்தியக் குடிமகனுக்கும் இதே தடைதான்.

தடை பணத்தோடு நிற்பதில்லை. யாருக்கு நன்கொடை கொடுப்பது என்ற முடிவில் நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கேற்பதும் வெளிநாட்டவருக்கு மறுக்கப்பட்டிருக்கிறது. மாநிலத் தேர்தல்களுக்கும் இது பொருந்தும். ஆகவே எச்1பி விசாவில் இருக்கும் ஒருவர் எவ்வளவு மூத்த பதவியில் இருந்தாலும் பேக்கின் முடிவெடுக்கும் குழுவில் அமரக் கூடாது. வெளிநாட்டு நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை பேக் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பணமும் முடிவும் தகுதியுடையவர்களிடமிருந்தே வர வேண்டும்.

குடியுரிமையைத் தாண்டி இன்னொரு வரம்பும் இருக்கிறது. நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் நன்கொடை கேட்கக்கூடியவர்கள் அதன் பங்குதாரர்கள், மாதச் சம்பளம் பெறும் நிர்வாக, மேலாண்மை, தொழில்முறை ஊழியர்கள், அவர்களின் குடும்பத்தினர் ஆகியோர் மட்டுமே. மணிக்கணக்கில் ஊதியம் பெறும் தொழிலாளர்களிடம் ஆண்டுக்கு இருமுறைக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் வீட்டு முகவரிக்கு எழுத்து வடிவில்தான் அனுப்ப வேண்டும்.

மூன்றாம் படி: அழைப்பு மடலை வரி வரியாகப் படியுங்கள்

முறையாக எழுதப்பட்ட அழைப்பில் மூன்று செய்திகள் இருந்தே ஆக வேண்டும். இந்தப் பணம் அரசியல் நோக்கத்திற்கானது; கொடுக்க மறுத்தால் எந்தப் பழிவாங்கலும் இருக்காது; தொகை குறிப்பிடப்பட்டிருந்தால் அது பரிந்துரை மட்டுமே, கூடவோ குறைவாகவோ கொடுப்பதால் நிறுவனத்தில் எந்த ஆதாயமும் பாதிப்பும் இல்லை. இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும், உங்கள் மேலாளர் தனிப்பட்ட முறையில் வந்து நினைவூட்டினாலும், அந்த நிறுவனத்தின் பேக் கவனக்குறைவாக நடத்தப்படுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கொடுத்த தொகையைப் போனஸ் வழியாகவோ செலவுக் கணக்கு வழியாகவோ திருப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் உடனே விலகிக்கொள்ளுங்கள். அது பிறர் பெயரில் நன்கொடை கொடுக்கும் குற்றமாகும்.

உங்கள் பெயர் எப்போது பொதுப் பதிவில் ஏறும் என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாட்காட்டி ஆண்டில் 200 டாலரைத் தாண்டினால், பெயர், முகவரி, வேலை செய்யும் நிறுவனம், பதவி ஆகியவற்றோடு தேர்தல் ஆணையத்தின் பதிவில் சேரும். இரு வாரத்திற்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவர் ஒவ்வொரு முறையும் 10 டாலர் பிடிக்கச் சொன்னால் 26 முறையில் 260 டாலர் ஆகிவிடும். இலையுதிர்காலத்திற்குள் பெயர் ஏறிவிடும். 7 டாலரென்றால் 182-தான். இந்த நன்கொடைக்கு வரிவிலக்கும் கிடையாது. சில நிறுவனங்கள் பேக்கிற்கு நீங்கள் கொடுக்கும் தொகைக்கு ஈடாக நீங்கள் விரும்பும் தொண்டு நிறுவனத்திற்குத் தங்கள் பணத்திலிருந்து கொடுக்கின்றன; அது அனுமதிக்கப்பட்ட ஏற்பாடுதான்.

நான்காம் படி: தேர்தல் ஆணையத்தின் பதிவில் பணத்தைப் பின்தொடருங்கள்

எஃப்இசி எனப்படும் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் அதன் பேக் கிடைக்கும். ஒரே பெயரில் பல குழுக்கள் வந்தால், எந்த நிறுவனத்தோடு இணைந்தது என்று குறிப்பிடும் பதிவுப் படிவத்தைத் திறந்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு 3எக்ஸ் என்ற படிவத்தைத் திறவுங்கள். மாதந்தோறுமோ காலாண்டுதோறுமோ பேக் தாக்கல் செய்யும் வரவு செலவுக் கணக்கு அது. அட்டவணை ஏ-யில் கொடுத்தவர்களும், அட்டவணை பி-யில் பெற்றவர்களும் இருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அட்டவணை பி, அதிலும் குறிப்பாக 23-ஆம் வரிக்குரிய பக்கங்கள்.

ஒரு பதிவு எப்படி இருக்கும் என்பதைப் பார்ப்போம். பெறுநர் என்ற இடத்தில் இன்ன உறுப்பினரின் தேர்தல் குழு என்ற பெயர், அதன் கீழே முகவரி, தேதி, 2,500 டாலர் என்ற தொகை, எந்தப் பதவிக்கு எந்த மாநிலத்தில் எந்தத் தொகுதியில் போட்டியிடுகிறார் என்ற விவரம், எந்தத் தேர்தலுக்கு என்ற குறியீடு ஆகியவை வரிசையாக இருக்கும். பி2024 என்றால் முதனிலைத் தேர்தல், ஜி2024 என்றால் பொதுத் தேர்தல். இந்தக் குறியீட்டையும் தேதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எதிர்ப்பே இல்லாத தொகுதியில் இருப்பவருக்கு, தேர்தலுக்கு ஒன்றரை ஆண்டு முன்பே பணம் போயிருந்தால், அது அவரை வெற்றி பெறச் செய்வதற்காகக் கொடுத்ததாக இருக்க முடியாது. அவர் எந்த நாடாளுமன்றக் குழுவில் இருக்கிறார் என்று பாருங்கள். வங்கியின் பேக் நிதிச் சேவைக் குழு உறுப்பினர்களுக்கும், விமான நிறுவனத்தின் பேக் போக்குவரத்துக் குழு உறுப்பினர்களுக்கும் கொடுப்பது வழக்கமான நடைமுறை. ஏற்கெனவே பதவியில் இருப்பவர்களுக்கே பெரும்பகுதி போகும் என்பதும், இரு கட்சிகளுக்கும் போகும் என்பதும் வழக்கம்தான்.

இந்த இடத்தில் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். ஒரு பெறுநரின் ஒரு கருத்து நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக நிறுவனம் அந்தக் கருத்தை ஆதரிக்கிறது என்று முடிவு கட்டுவது சரியாகாது. முதலில் பெறுநர் பட்டியலைக் குழுப் பொறுப்பு, நிறுவனத்தின் ஆலையோ அலுவலகமோ உள்ள தொகுதி என்ற இரண்டு காரணங்களால் விளக்க முயலுங்கள். இவ்விரண்டாலும் விளக்க முடியாத பெயர்கள் எஞ்சும். கேள்வி கேட்க வேண்டியது அவற்றைப் பற்றித்தான். தொழில் காரணம் இருந்தும், நிறுவனம் தன் அடிப்படை மதிப்பு என்று எழுத்தில் அறிவித்த ஒன்றுக்கு எதிராக முன்னின்று சட்டம் கொண்டுவந்தவர்களின் பெயர்களை இரண்டாவது பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலரும் தங்கள் தேர்தல் குழுவைத் தவிர, தலைமைப் பேக் எனப்படும் இன்னொரு குழுவையும் வைத்திருக்கிறார்கள். அதன் பெயரில் உறுப்பினரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. நாட்டுப்பற்றையோ எதிர்காலத்தையோ குறிக்கும் பொதுவான சொற்களே இருக்கும். அதற்கு ஆண்டுக்கு மேலும் 5,000 டாலர் கொடுக்கலாம். உறுப்பினரின் பெயரை மட்டும் தேடினால் இது கண்ணில் படாது. மாநில வேட்பாளர்களுக்குக் கொடுத்த தொகைகள் 29-ஆம் வரியில் 'பிற செலவுகள்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: பேக்கிற்கு வெளியே இருக்கும் பைகளையும் தேடுங்கள்

பேக் சட்டத்தின் கண்பார்வையில் இருக்கிறது. பெரிய தொகைகள் அதற்கு வெளியே ஓடுகின்றன. 2010 ஜனவரியில் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிறுவனங்கள் தங்கள் பணத்தைக் கொண்டு வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ சுதந்திரமாகச் செலவிடலாம் என்று தீர்ப்பளித்தது. வேட்பாளரோடு கலந்து பேசாமல் செய்ய வேண்டும் என்பதே நிபந்தனை. இரண்டு மாதத்தில் வந்த ஸ்பீச்நவ் தீர்ப்பு, வரம்பின்றிப் பணம் வாங்கி இப்படித் தனியாகச் செலவிடும் சூப்பர் பேக்குகளுக்கு வழி திறந்தது.

அந்த ஆண்டே டார்கெட் நிறுவனம் அதில் அடிபட்டது. மினசோட்டாவில் தொழில் வளர்ச்சிக்காகப் பேசும் எம்.என். ஃபார்வர்டு என்ற குழுவுக்கு டார்கெட் 1,50,000 டாலர் மதிப்புள்ள உதவியைக் கொடுத்தது. அந்தக் குழு ஆதரித்த ஆளுநர் வேட்பாளர் டாம் எம்மர், தன்பாலினத் திருமணத்தை எதிர்த்தவர். தன்பாலின ஊழியர்களை மதிக்கும் நிறுவனம் என்று அதுவரை பெயர் பெற்றிருந்த டார்கெட்டின் கடைகளுக்கு எதிராகப் புறக்கணிப்பு தொடங்கியது; தலைமைச் செயல் அதிகாரி கிரெக் ஸ்டைன்ஹாஃபல் ஊழியர்களிடம் வருத்தம் தெரிவித்தார். வரிக்காகவும் வேலைவாய்ப்புக்காகவும் கொடுத்தோம் என்ற விளக்கம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு வேட்பாளரின் பொருளாதாரக் கொள்கைக்கு மட்டும் தனியாகப் பணம் கொடுக்க வழியில்லை. கொடுத்த பணம் முழு மனிதருக்கும் போய்ச் சேருகிறது.

தேட வேண்டிய இடங்கள் நான்கு. மாநில ஆளுநர்களுக்கும் சட்டமன்றங்களுக்கும் வேலை செய்யும், 527 என்ற வரிப் பிரிவின் கீழ் இயங்குவதால் அப்படி அழைக்கப்படும் 527 குழுக்கள் முதலாவது. இரு கட்சிகளின் ஆளுநர் சங்கங்களும் இந்த வகையைச் சேர்ந்தவை. இவை நிறுவனப் பணத்தை நேரடியாக வாங்கலாம். வாங்கியதை வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸிடம் 8872 என்ற படிவத்தில் தெரிவிக்கின்றன, அது தேடக்கூடிய பதிவு. இரண்டாவது, மாநிலப் பதிவுகள். டெக்சாஸில் நிறுவனங்கள் வேட்பாளர்களுக்குக் கொடுக்க முடியாது, வர்ஜீனியாவிலோ வரம்பே இல்லை. மூன்றாவது, வணிகச் சங்கங்கள். சங்கம் தன் சந்தாவில் எவ்வளவு பகுதி லாபியிங்கிற்குப் போகிறது என்று உறுப்பினர்களுக்குச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அந்தப் பகுதிக்கு வரிக்கழிவு கிடையாது. நிறுவனங்கள் பலவும் தங்கள் ஆண்டு அறிக்கையில் அந்தப் பகுதியை மட்டும் வெளியிட்டு முழுச் சந்தாவைச் சொல்லாமல் விடுவதுண்டு. சங்கத்தின் நிலைப்பாடு தங்கள் நிலைப்பாட்டுக்கு முரணாக இருந்தால் வெளியேறவும் முடியும் என்பதை 2009-இல் ஆப்பிள், பிஜி அண்டு இ, எக்செலான் ஆகிய நிறுவனங்கள் காட்டின. பருவநிலைச் சட்டத்தை அமெரிக்க வணிக சபை எதிர்த்ததால் அவை அதிலிருந்து விலகின.

நான்காவது இடம்தான் மிகவும் இருண்டது. 501(சி)(4) என்ற வரிப் பிரிவின் கீழ் இயங்கும் சமூக நல அமைப்புகள் தங்களுக்குப் பணம் கொடுத்தவர்களைப் பொதுவில் வெளியிட வேண்டியதில்லை. ஒஹாயோவில் ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற மின் நிறுவனமும் அதைச் சார்ந்தவையும் 'ஜெனரேஷன் நவ்' என்ற இத்தகைய அமைப்பின் வழியாகச் சுமார் 6 கோடி டாலரைச் செலுத்தின. மாநிலச் சபாநாயகர் லாரி ஹவுஸ்ஹோல்டர் 2019-இல் நிறைவேற்றித் தந்த சட்டம் அணு மின் நிலையங்களுக்கு நுகர்வோர் பணத்தைத் திருப்பிவிட்டது. 2020 ஜூலையில் அவர் கைது செய்யப்பட்டார். 2023-இல் அவருக்கு 20 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நிறுவனம் 23 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. வழக்கு வரும் வரை இந்தப் பணத்தின் தடம் எந்தத் தேர்தல் பதிவிலும் நிறுவனத்தின் பெயரில் தெரியவில்லை. பேக்கின் கணக்கு ஒழுங்காக இருப்பதைப் பார்த்து நிம்மதியடைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்கப் பங்குச் சந்தையின் சுமார் 500 பெருநிறுவனங்களின் பட்டியலான எஸ் அண்டு பி 500-இல் உள்ள நிறுவனமாக இருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. சிபிஏ-ஜிக்லின் குறியீடு 2011 முதல் ஆண்டுதோறும் வெளிவருகிறது. நிறுவனங்கள் தங்கள் அரசியல் செலவை எந்த அளவுக்கு வெளிப்படையாக அறிவிக்கின்றன என்று 100-க்கு மதிப்பெண் தருகிறது. அது வெளிப்படைத்தன்மையை மட்டுமே அளக்கிறது, யாருக்குக் கொடுத்தது சரி என்பதை அளப்பதில்லை.

ஆறாம் படி: பணத்தையும் பேச்சையும் ஒரே தாளில் எழுதுங்கள்

இடப்பக்கத்தில் நிறுவனம் கடந்த மூன்று ஆண்டுகளில் சமூகப் பிரச்சினைகள் குறித்து வெளியிட்ட அறிக்கைகளைத் தேதியோடு எழுதுங்கள். வலப்பக்கத்தில் அதே விஷயத்தில் முன்னின்று வாக்களித்த உறுப்பினர்களுக்குக் கொடுத்த தொகைகளைத் தேதியோடு எழுதுங்கள். தேதிகளின் வரிசை மிக முக்கியம். அறிக்கைக்கு முன் கொடுத்ததைவிட அறிக்கைக்குப் பின் கொடுத்ததே அதிகம் பேசும்.

2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட பிறகும், 147 குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் 2020 அதிபர் தேர்தல் முடிவைச் சான்றளிப்பதை எதிர்த்து வாக்களித்தார்கள். சில நாட்களில் மேரியட், ஏடி அண்டு டி, அமேசான் உள்ளிட்ட நிறுவனங்கள் அவர்களுக்கு நன்கொடையை நிறுத்துவதாக அறிவித்தன. சிட்டி, ஜேபி மோர்கன் போன்ற வங்கிகள் இரு கட்சிகளுக்கும் சேர்த்தே நிறுத்தின. சார்லஸ் ஷ்வாப் தன் பேக்கையே மூடியது. அறிவிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறுபாடுகள் தெரியும்: சில கால வரம்பைச் சொன்னவை, சில சொல்லாதவை, கட்சிக் குழுக்களையும் தலைமைப் பேக்குகளையும் பற்றிப் பேசாதவை பல. தனி உறுப்பினருக்கு நிறுத்திவிட்டு அவருடைய கட்சியின் தேர்தல் குழுவுக்குக் கொடுத்தால் அந்தப் பணம் அவருடைய தொகுதிக்கே போய்ச் சேரக்கூடும்.

டொயோட்டாவின் கதை இதில் பாடமாக அமைந்தது. 2021 ஜூன் மாதத்திற்குள் அதன் பேக் எதிர்த்து வாக்களித்தவர்களில் 37 பேருக்கு மொத்தம் 55,000 டாலர் கொடுத்திருந்தது வெளியானது. சான்றளிப்பு வாக்கை மட்டும் வைத்து உறுப்பினர்களை மதிப்பிடுவது சரியல்ல என்று நிறுவனம் முதலில் விளக்கியது. விமர்சனம் பெருகியதும் ஜூலையில் நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே அவர்களில் சிலருக்கு மீண்டும் கொடுக்கத் தொடங்கியது. ஒரே ஆண்டுக்குள் மூன்று நிலைகள். மூன்றையும் விளக்கும் ஒரு விதி அதனிடம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் போனது. பேக்கில் பணம் போடும் ஊழியர்களோடு கலந்துரையாடல்களை நடத்திய பிறகு, 2022 தேர்தல் சுற்று முடியும் வரை எதிர்த்து வாக்களித்தவர்களுக்கு நன்கொடை இல்லை என்று 2021 பிப்ரவரியில் அறிவித்தது. மாநில அதிகாரிகளையும் அமைப்புகளையும் அதில் சேர்த்தது. அது நிறுவனத்தின் பணம் என்று தோன்றாதபடி பேக்கின் பெயரிலும் 'தன்னார்வ' என்ற பொருள்படும் சொல்லைச் சேர்த்தது. அந்த முடிவோடு ஒருவர் உடன்படலாம், மாறுபடலாம். யாருக்கு, எவ்வளவு காலத்திற்கு, யாரைக் கேட்டு என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் விடை இருந்தது.

பேசியதால் வரும் விலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜார்ஜியாவின் புதிய வாக்களிப்புச் சட்டம் 2021 மார்ச் 25 அன்று கையெழுத்தானது. டெல்டா விமான நிறுவனம் முதலில் மென்மையாகப் பேசி, ஊழியர்களின் எதிர்ப்புக்குப் பிறகு மார்ச் 31 அன்று தலைமைச் செயல் அதிகாரி எட் பாஸ்டியன் வழியாகக் கடுமையாகக் கண்டித்தது. அன்றே மாநிலப் பிரதிநிதிகள் சபை விமான எரிபொருள் வரிச்சலுகையை நீக்க வாக்களித்தது, செனட் அதை நிறைவேற்றவில்லை. ஃபுளோரிடாவில் டிஸ்னிக்கு நேர்ந்தது இதைவிடக் கடுமையானது. பள்ளிகளில் பாலின அடையாளம் பற்றிய பாடங்களைக் கட்டுப்படுத்தும் மசோதா 2022-இல் வந்தபோது, தலைமைச் செயல் அதிகாரி பாப் சேப்பெக் மௌனம் காத்தார். அதை ஆதரித்த உறுப்பினர்களுக்கு டிஸ்னி நன்கொடை கொடுத்திருந்ததைப் பத்திரிகைகள் வெளியிட்டதும் ஊழியர்கள் கொதித்தார்கள். மசோதா நிறைவேறிய பிறகு அவர் மன்னிப்புக் கேட்டு, ஃபுளோரிடாவில் எல்லா அரசியல் நன்கொடைகளையும் நிறுத்தினார். ஆளுநர் ரான் டிசாண்டிஸ், தன் பொழுதுபோக்குப் பூங்காக்கள் இருக்கும் நிலத்தை நிர்வகிக்க 1967 முதல் டிஸ்னி தன் கையில் வைத்திருந்த ரீடி கிரீக் சிறப்பு மாவட்டத்தின் கட்டுப்பாட்டைப் பறித்தார். வழக்குகள் 2024 வரை நீடித்தன. பணம் கொடுத்தபோது ஊழியர்களை இழந்து, தாமதமாகப் பேசியபோது அரசையும் இழந்த நிலை அது.

ஏழாம் படி: முடிவெடுக்கும் குழுவில் இருந்தால் விதியை முன்கூட்டியே எழுதுங்கள்

பேக்கின் குழுவில் அமரும் வாய்ப்புக் கிடைத்த தமிழர்களை, தொழில் வாய்ப்புக்கான ஒரு படி என்று மட்டும் அதை எண்ணிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். யாருடைய பெயரும் மேசையில் இல்லாத அமைதியான நேரத்தில் விதிகளை எழுதுவதுதான் அங்கே செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை. எந்தத் தொழில் காரணங்களுக்காகக் கொடுப்போம்; எந்தச் செயல் ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்கும், அது கட்சி பார்க்காமல் எப்படிப் பொருந்தும்; நீக்கினால் அவருடைய தலைமைப் பேக்கும் சேருமா; எவ்வளவு காலத்திற்குப் பிறகு, எந்த மாற்றத்தைப் பார்த்து மீண்டும் கொடுப்போம்; 527 குழுக்களுக்கும் வணிகச் சங்கங்களுக்கும் போகும் நிறுவனப் பணத்தை யார் பார்ப்பார்கள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நன்கொடைக்கும் காரணத்தை ஒரே வரியில் எழுதி, அந்த வரி பத்திரிகையில் வந்தால் அதற்காக வாதாட முடியுமா என்று பார்த்து அனுமதியுங்கள். மக்கள் தொடர்புப் பிரிவிலிருந்து ஒருவரும் பேக்கிற்குப் பணம் தரும் சாதாரண ஊழியர்களில் ஒருவரும் குழுவில் இருப்பது நல்லது.

நிறுவனம் ஒரு சமூகப் பிரச்சினையில் பேச வேண்டுமா என்ற கேள்வி எழும்போது, அது நம் ஊழியர்களையோ வாடிக்கையாளர்களையோ நேரடியாகத் தொடுகிறதா என்று முதலில் கேட்க வேண்டும். அடுத்து, நம் பணம் ஏற்கெனவே எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கடைசியாக, அரசு பதிலடி கொடுத்தால் ஓராண்டு கழித்தும் இதையே சொல்வோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தொடர்பே இல்லாத விஷயத்தில் நிறுவனம் பேசாமல் இருப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு சட்டத்தை முன்மொழிந்தவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அந்தச் சட்டத்தைப் பற்றி எங்களுக்குக் கருத்தில்லை என்று சொல்வதை நடுநிலை என்று ஏற்க முடியாது.

எட்டாம் படி: உள்ளே கேள்வி கேளுங்கள், எல்லையறிந்து கேளுங்கள்

ஊழியர் கூட்டத்தில் கேட்பதைவிட, அரசுத் தொடர்புப் பிரிவுக்கு எழுத்தில் கேட்பது நல்லது. நன்கொடை விதிகள் எங்கே வெளியிடப்பட்டுள்ளன, வணிகச் சங்கச் சந்தா முழுவதும் வெளியிடப்படுகிறதா, இன்ன தேதியில் இன்ன குழுவுக்குப் போன தொகையின் காரணம் என்ன என்று குறிப்பாகக் கேளுங்கள். பதிவின் பக்கத்தை இணையுங்கள். எச்1பி விசாவில் இருப்பவர்கள் விவரம் கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்னாருக்குக் கொடுங்கள், இன்னாருக்கு நிறுத்துங்கள் என்று வலியுறுத்துவது முடிவில் பங்கேற்பதாகக் கருதப்படக்கூடும். எல்லை எங்கே என்று ஐயம் வந்தால் நிறுவனத்தின் சட்டப் பிரிவிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் பேச்சுரிமையை அரசிடமிருந்து காக்கிறது. தனியார் முதலாளியிடமிருந்து காப்பதில்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் ஊழியரின் அரசியல் செயல்பாட்டுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு தருகின்றன, பல மாநிலங்கள் தருவதில்லை. விசா வேலையோடு கட்டப்பட்டிருக்கும் ஒருவர் இதை மனத்தில் வைத்தே எழுத வேண்டும்.

ஒன்பதாம் படி: பங்குதாரராகப் பேசுங்கள்

நன்கொடை கொடுக்க முடியாதவர்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. ஊழியர் பங்குத் திட்டத்தில் கிடைத்துக் கணக்கில் சேர்ந்துவிட்ட பங்குகளுக்கு ஆண்டுக் கூட்டத்தில் வாக்குண்டு; வாக்களிக்கக் குடியுரிமை தேவையில்லை. அரசியல் செலவையோ லாபியிங் செலவையோ வெளியிடக் கோரும் தீர்மானங்கள் பல நிறுவனங்களின் வாக்குச் சீட்டில் இடம்பெறுகின்றன. பங்குத் தரகரிடமிருந்து வரும் அந்த மின்னஞ்சலைத் திறக்காமல் அழித்துவிடுபவர்களே அதிகம்.

நீங்களே தீர்மானம் கொண்டுவர விரும்பினால், பங்குச் சந்தை ஆணையத்தின் 14ஏ-8 விதி வழி காட்டுகிறது. 2020-இல் திருத்தப்பட்டபடி, 2,000 டாலர் மதிப்புள்ள பங்கை மூன்றாண்டுகளோ, 15,000 டாலர் மதிப்பை இரண்டாண்டுகளோ, 25,000 டாலர் மதிப்பை ஓராண்டோ தொடர்ந்து வைத்திருக்க வேண்டும். தீர்மானமும் விளக்கமும் சேர்த்து 500 சொற்களுக்குள் அடங்க வேண்டும். சென்ற ஆண்டு வாக்குச் சீட்டு ஆவணம் வெளியான தேதிக்கு 120 நாட்களுக்கு முன்பே நிறுவனத்தின் கையில் அது சேர வேண்டும். சரியான கடைசி நாள் அந்த ஆவணத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். பங்கு உங்களுடையது என்பதற்குத் தரகரின் கடிதம் வேண்டும். நிறுவனத்தோடு பேச நீங்கள் எந்தெந்த நாட்களில் தயார் என்றும் குறிப்பிட வேண்டும்.

வாக்கெடுப்பு வரை போகாமல் நிறுவனமே பேச அழைத்து, கேட்டதை வெளியிட ஒப்புக்கொண்டு, தீர்மானத்தைத் திரும்பப் பெறச் சொல்வது அடிக்கடி நடக்கும். எந்தெந்தத் தொகைகள், எந்த இணையப் பக்கத்தில், எந்தத் தேதிக்குள், எத்தனை மாதத்திற்கு ஒருமுறை வெளியிடப்படும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே திரும்பப் பெறுங்கள்.